மார்னியின் காரை மூடிவைத்த சனிக்கிழமை

மெர்வினுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாடும்போது கையில் நல்ல சீட்டு வந்தால்கூடக் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் கிறிஸ்துமஸ் கழிந்த நாளிலிருந்து ஒரு பெரிய பொய்யைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் தெற்குக் கோடியிலிருக்கும் ஹோபார்ட் ஊர் முழுக்கத் திரிந்தார் என்றால், கழுத்து எப்படி வலித்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விஷயம் இதுதான். கணையத்தில் புற்றுநோய். முற்றிப்போய்விட்டது, ஜூன், ஜூலையில் வரும் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். மெர்வின் அழவில்லை. மார்னிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவருக்கு வந்த முதல் யோசனை.

மார்னி அவருடைய ஒரே மகள். டீசல் மெக்கானிக். அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மின்சார இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். தெற்கே போவது என்று ஊரில் சொல்வார்கள். பிப்ரவரிக் கப்பலில் போனால் அதோடு கடல் உறைந்துவிடும். நவம்பர் வரை எந்தக் கப்பலும் உள்ளே போகாது, எந்த ஆளும் வெளியே வர முடியாது. பெற்றவர்கள் செத்தாலும் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதுவரை கோடையில் மட்டும் அங்கே போய் வந்திருக்கிறாள். குளிர்காலம் முழுக்கத் தங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டு, வருஷா வருஷம் இல்லை என்று சொல்லி, இந்தத் தடவைதான் வாய்த்தது.

மெர்வினின் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்னிக்குப் பத்தொன்பது வயதில் மெல்போர்னில் கப்பல் எஞ்சின் படிக்க இடம் கிடைத்தது. அதே மாதம் அவள் அம்மா ஐவி படுக்கையில் விழுந்தாள். கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டு, அந்தப் பெண் இரண்டு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், ஸ்பூனால் சூப் ஊட்டினாள். ஐவி போவதற்குள் அந்த இடமும் போய்விட்டது. ஒரு தடவை போதும், இன்னொரு தடவை என்னால் அவள் வாழ்க்கை நின்றுபோகக் கூடாது என்று மெர்வின் முடிவு கட்டிவிட்டார். அவர் கட்டினால் கட்டினதுதான். யாரையும் கேட்டு அவர் கட்டுவதுமில்லை.

தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஷோனா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது அவள்தான். அவள் சும்மா இருக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் மறைக்க நீ யார் என்று சண்டை போட்டாள், நானே சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்தினாள், கடைசியில் அவர் கெஞ்சின கெஞ்சில் வாயைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து மார்னியின் கார் தெருவில் திரும்பினாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

எல்லாவற்றையும் மறைத்தாகிவிட்டது. மாத்திரைகளைக் காப்பித்தூள் டப்பாவில் போட்டாயிற்று. பேன்ட் தொளதொளத்ததற்கு பீரை விட்டுவிட்டதாகக் காரணம் சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. மார்னியின் காரை.

அது ஒரு பச்சை ஹோல்டன். அவளைவிட வயதில் மூத்தது. முதல் சம்பளத்தில் வாங்கி, பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். போன தடவை அவள் தெற்கே போனபோது, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை மெர்வின் அதை எடுத்துக்கொண்டு கெட்டரிங் படகுத்துறை வரை போய், ஓர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருவார். அப்படி ஓட்டிக்கொண்டிருந்தால் காருக்கு வேறு வைத்தியமே வேண்டாம். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மெர்வினுக்கோ தூக்கம் வரவில்லை. நகராட்சி பஸ் பட்டறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். ஒரு வண்டியை நாதியில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஜூனிலோ ஜூலையிலோ அவர் இல்லை என்று வையுங்கள். ஷோனாவுக்கு கியர் வண்டி ஓட்ட வராது. கார் நின்ற இடத்திலேயே நிற்கும். டயர் ஒரு பக்கமாக நசுங்கிவிடும், பேட்டரி செத்துவிடும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகிவிடும், எலி வந்து வயரைக் கடித்துக் குடும்பம் நடத்தும். அப்பனும் இல்லாத வீட்டுக்கு வந்து இறங்குகிற பெண்ணுக்கு அந்தக் காராவது உயிரோடு இருக்க வேண்டாமா? அதனால் முறைப்படி முழுசாக மூடி வைத்துவிடுவது என்று தீர்மானித்தார். முட்டாள் மனுஷன். அது தன்னையே காட்டிக் கொடுக்கும் என்று அவருக்கு உறைக்கவேயில்லை.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை காலையில் மார்னி வந்தாள், கையில் கறிமசாலா போட்ட சிப்பி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம் இரண்டு. ஷெட்டில் ஜாக்கி, நாலு முட்டுகள், ஆயில் டின், அந்துருண்டை, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னப்பா இது, என் காருக்கு ஆபரேஷனா?”

“முழுசா மூடி வெச்சிடலாம்மா. ஒரு வருஷம் ஆகுதில்ல.”

“எதுக்கு? போன தடவ மாதிரி நீ ஓட்டிட்டு வாயேன். உனக்கும் நாலு மனுஷங்கள பாத்த மாதிரி இருக்கும்.”

முட்டி வலிக்கிறது, கிளட்சை மிதிக்க முடியவில்லை என்றார். உன் காரில் இருப்பது என்ன, அதுவும் கிளட்ச்தானே என்றாள். அது பழகின கிளட்ச் என்று மழுப்பினார். மார்னி சிரித்துவிட்டாள்.

“பெருசு, உனக்கு சோம்பேறித்தனம் வந்துடுச்சு. ஒத்துக்கோ.”

ஒத்துக்கொண்டார். சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதைவிடச் சௌகரியமான பட்டம் அன்றைக்கு அவருக்கு வேறு எது கிடைக்கும்?

பலகாரத்தைத் தின்றுவிட்டு வேலையில் இறங்கினார்கள். மெர்வின் பாதிக்கு மேல் தின்னவில்லை. மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி, அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லி ஓரமாக வைத்தார். தொழில் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வது பார்க்கவே சுகம். அவர் கையை நீட்டுவதற்குள் அவள் ஸ்பேனரை வைத்துவிடுவாள். அவள் வண்டிக்கடியில் போவதற்குள் அவர் ஆயில் பிடிக்கிற தட்டை நகர்த்திவிடுவார். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினார்கள். டேங்கில் காற்றுக்கு இடமில்லாமல் பெட்ரோலை நிரப்பி, கெடாமலிருக்க மருந்து கலந்து, அது எஞ்சின் வரை ஏறட்டும் என்று கொஞ்ச நேரம் ஓட விட்டார்கள். மார்னி வாய் ஓயாமல் பேசினாள். நிலையத்தில் சமையலுக்கு வரும் ஆள் நல்ல ஆள் என்றாள். ஜூன் மாதத்து நடுக்குளிர் நாளில் எல்லோரும் பனியை வெட்டிக் குழி பண்ணி, கடல் தண்ணீரில் இறங்குவார்களாம், தானும் இறங்கப் போவதாகச் சொன்னாள். மெர்வின் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜூன் என்று அவள் சொன்னபோது, துடைத்த ஸ்பேனரையே எடுத்து மறுபடி துடைத்தார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுகிற இடத்தில் அவர் ஸ்பேனரை அவளிடம் கொடுத்துவிட்டார். காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நீ செய், நான் வேடிக்கை பார்க்கிறேன் என்றார். அவள் கழற்றி, துளைகளில் சொட்டு சொட்டாக ஆயில் விட்டு, மறுபடி பூட்டினாள். சைலன்சர் வாயில் கம்பி நாரைத் திணிக்கச் சொன்னார், திணித்தாள். எஞ்சினுக்குக் காற்று போகிற வழியிலும் திணிக்கச் சொன்னார், திணித்தாள். பிரேக் ஒட்டிக்கொள்ளும், ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடு என்றார், இறக்கினாள். காரை ஜாக்கியால் தூக்கி நாலு முட்டுகளின் மேல் உட்கார வைத்தபோது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அப்போதுதான் மெர்வினுக்கு அவள் பேச்சை நிறுத்தி வெகு நேரமாகிவிட்டது என்று தெரிந்தது.

மிச்சம் இருந்தது பேட்டரி. மார்னி பானட்டுக்குள் குனிந்தபடியே, திரும்பாமல் பேசினாள்.

“பேட்டரிய கழட்ட வேணாம்ப்பா. சின்ன சார்ஜர் இருக்குல்ல, சுவத்துல சொருகி விட்டா அது பாட்டுக்கு இருக்கும்.”

“வேணாம், கழட்டிடு.”

“ஏன்?”

“கரண்ட் போச்சுன்னா?”

“போனா வரும். நீ இங்கதான இருக்க, பாத்துக்க மாட்டியா?”

“கழட்டுன்னா கழட்டேன்மா,” என்றார். குரல் உயர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

மார்னி நிமிர்ந்தாள். ஸ்பேனரைப் பலகையில் மெதுவாக வைத்தாள். காரை ஒரு தடவை சுற்றி வந்தாள், ஏதோ புதுசாக வாங்க வந்தவள் மாதிரி. பிறகு அவர் முன்னால் வந்து தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

“தெற்க, கோடை முடிஞ்சதும் நிலையத்துக்கு வெளிய இருக்கிற குடிசைங்கள மூடுவோம் அப்பா. நம்ம ஆளுங்க பக்கத்துலயே இருந்தா வண்டிய சும்மா நிறுத்தி சார்ஜர போட்டுட்டு வருவோம். யாருமே இருக்க மாட்டாங்க, வந்து பாக்க ஒரு நாதியும் இல்லன்னாத்தான் இப்படி மூடுவோம். எல்லாத்தையும் அடச்சு, பேட்டரிய கழட்டி எடுத்து.”

மெர்வினின் காது இரண்டும் சிவந்து கிடந்தன.

“இந்த வீட்ல யாரு இருக்கப் போறதில்ல?”

முட்டி, வயசு, சோம்பேறித்தனம் என்று அவர் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று முட்டின. அந்த மணிக்கட்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள்.

“எவ்வளவு நாள்?” என்றாள்.

“குளிர்காலம் தாண்டாதுன்னாங்க.”

மார்னி அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே, ப்ளாக்பெர்ரி புதர்ப் பக்கம் போனாள். பிப்ரவரி வெயிலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு யாரிடமோ பேசினாள், பிறகு இன்னொருவரிடம் பேசினாள், பிறகு பேசாமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். மெர்வின் ஷெட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்வதானால், அந்த நிமிஷத்தில் அவர் மனசு வேறு எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. கப்பலில் இடமில்லை, உன்னை எடுக்கவில்லை என்று யாராவது சொல்லிவிடட்டும் என்று. அதை நினைத்ததும் அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு மாற்றாக டேரில் என்று ஒருவனைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். ஜனவரிக் கடைசியில் வேறொரு நிலையத்தில் ஒருவனுக்குக் கை முறிந்துபோக, டேரிலை அங்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது அவளை விட்டால் ஆள் இல்லை. அவள் வராவிட்டால், பதினெட்டு பேர் இருக்கும் நிலையத்தில் குளிர்காலம் முழுக்க எஞ்சின்களுக்கு ஒரே ஆள். அவன் காய்ச்சலில் படுத்தால் வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. அங்கே அது சாவுக்குச் சமம்.

“வர முடியலன்னா சொல்லு, யாரும் உன்ன தப்பா நினைக்க மாட்டோம்னாங்க. அதுதான்ப்பா தாங்கல. ஜனவரில சொல்லியிருந்தேன்னா டேரில் போயிருப்பான். நான் உன்கூட இருந்திருப்பேன்.”

“அதுக்குத்தான்மா சொல்லல. அம்மாவுக்காக ரெண்டு வருஷம் வீணாக்கின. மறுபடியும்…”

“வீணாக்கினேன்னு நான் சொன்னேனா?”

மார்னி அவர் பெட்டிக்கு எதிரே வந்து நின்றாள்.

“எப்பவாவது சொல்லியிருக்கேனா? அம்மா கடைசியா சாப்பிட்ட வாய் என் கையால. அத போய் வீணான வருஷம்னு நீயா முடிவு பண்ணிட்டே. எனக்கு அதுதான் என் வாழ்க்கையிலயே நல்ல வருஷம். உனக்கும் அத செய்ய விடாம பண்ணிட்டியேப்பா.”

தூக்கிக் கொடுப்பதாக நினைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மார்னி விடவில்லை. அவளும் அவர் பெண்தானே. கையை விலக்கி, முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

“மறைக்கணும்னு நினைக்கிறவன் சார்ஜர சொருகிட்டுப் போன்னு சொல்லியிருப்பான். நீ சொல்லல. நான் கண்டுபிடிக்கணும்னுதான பண்ணின?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். காருக்காகச் செய்தேன், உனக்காகச் செய்தேன் என்று சொல்லலாம், பொய்யுமில்லை. ஆனால் ராத்திரிகளில் தூக்கமில்லாமல் கிடந்து, ஆயிலையும் அந்துருண்டையையும் பற்றி யோசித்தபோதெல்லாம், அந்த யோசனைக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. டீசல் மெக்கானிக் ஒருத்தி இதைப் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று. அது அங்கே இருந்தது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. வாயால் கேட்கத் தைரியமில்லாமல் காரை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

“தெரியலம்மா,” என்றார். “இருக்கலாம்.”

“உனக்கு என்ன வேணும்? எனக்கு எது நல்லதுங்கிறத விடு. உனக்கு.”

மெர்வின் அவளைப் பார்த்தார். கன்னத்தில் ஆயில் தீற்றியிருந்தது. ஐவியின் நெற்றி, அவருடைய காது.

“இரும்மா,” என்றார். “எனக்குப் பயமா இருக்கு. போகாதே.”

மார்னி அவரை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், முதுகு குலுங்க. வெகு நேரம் கழித்து அவர் காதருகில், என்னால் முடியாதுப்பா என்று சொன்னாள். அந்தப் பதினெட்டு பேரைப் பற்றி மறுபடி சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. பஸ் பட்டறையில் ஆள் குறைந்த நாளில் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர் வளர்த்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

பேட்டரியைக் கழற்றினார்கள். காருக்குள் அந்துருண்டைகளைப் போட்டு, துணி உறையை ஆளுக்கு ஒரு முனை பிடித்து விரித்தார்கள். அவசரம் காட்டவில்லை. உறையின் சுருக்கங்களை மார்னி ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். சாவி ஷோனாவிடம் இருக்கும் என்று அவர் சொன்னார். சரி என்றாள். ஷோனாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள், தெரியும் என்றார், அதற்கும் சரி என்றாள். பிறகு வேலியோரம் நின்று ஷோனாவைக் கூப்பிட்டாள். வந்தவளைத் திட்டப்போகிறாள் என்று மெர்வின் பயந்தார். மார்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவரைத் தனியாக விடாதே என்று மட்டும் சொன்னாள். ஷோனா விக்கி விக்கி அழுதாள்.

மறுநாள் ஆற்றோரத் துறைமுகத்தில் ஏகக் கூட்டம். செம்மஞ்சள் நிறக் கப்பல், ஏறுகிறவர்கள், அணைத்துக்கொள்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள். வெளிச்சமும் காற்றுமாக, ஒரு திருவிழா மாதிரி இருந்தது. அங்கே அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரு வருஷத்துக்காக அழுதார்கள். இவர்கள் இரண்டு பேரும் அழவேயில்லை. மார்னி அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள், பிறகு மறுபடி சரி செய்தாள். தினமும் போன் பண்ணுவேன், பேச முடியாவிட்டாலும் எடு, மூச்சு விடுவதைக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெர்வினால் பொறுக்க முடியவில்லை.

“நேத்து சொன்னேனே, இருன்னு. அத மனசுல வெச்சுக்காதம்மா. ஏதோ வாய் தவறி வந்துடுச்சு. மறந்துடு.”

மார்னி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மறக்கச் சொல்லாதப்பா. என் வாழ்க்கையில நீ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். அதத்தான் என்னால குடுக்க முடியல.”

படியேறிப் போனாள். மேல் தளத்தில் கம்பியோரம் வந்து நின்றாள். கப்பல் கரையை விட்டு அங்குலம் அங்குலமாக விலகியது. மற்றவர்கள் கையை ஆட்டினார்கள். மெர்வின் ஆட்டவில்லை, துறைமுகத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் விழுந்துவிடுவார். கூட்டம் கலைந்தது. ஷோனா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, போகலாமா என்று கேட்டாள்.

“அவ இன்னும் பாத்துக்கிட்டிருக்கா,” என்றார்.

கப்பல் ஆற்றின் வளைவைத் தாண்டி மறைந்த பிறகு ஷோனா இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னார்.